வெள்ளியும் வைப்பிடமும்: இங்கிலாந்துப் பழைய வெள்ளிப் பாத்திரச் சேகரிப்பு பற்றிய ஓர் ஆய்வு

பழைய வெள்ளிப் பாத்திரங்களைச் சேகரிப்போரும் பழைய மரச்சாமான்களைச் சேகரிப்போரும் இன்று வெவ்வேறு ஏலங்களுக்குச் சென்று, வெவ்வேறு கையேடுகளைப் புரட்டி, ஒருவரை ஒருவர் அதிகம் பொருட்படுத்தாமல் இயங்கி வருகின்றனர். ஆனால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் கரண்டியும் கரண்டிப் பெட்டியும், தேயிலைக் கிண்ணமும் அதைப் பூட்டி வைத்த பேழையும் ஒரே அறையில், ஒரே பணியாளின் பொறுப்பில், ஒன்றின் அளவுக்கு மற்றொன்று செய்யப்பட்டவையாக இருந்தன. இவற்றைப் பிரித்துப் பார்த்ததால் இரு துறைகளுமே இழப்புக்கு உள்ளாயின என்பதும், ஒரு பாத்திரம் எந்த ஆண்டில் எவருடைய பட்டறையில் உருவானது என்பதை அதன் முத்திரை சொன்னாலும் அது எவ்வாறு புழங்கியது என்பதை அதை வைத்திருந்த மரச்சாமானே சொல்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. சார்லஸ் 2 அரியணை ஏறிய 1660 முதல் விக்டோரியாவின் ஆட்சித் தொடக்கம் வரையிலான காலமே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சேகரிப்பாளர்கள் அதிகம் நாடுவதும் இக்காலத்துப் பொருள்களையே.

அக்காலத்தில் வெள்ளிப் பாத்திரம் என்பது பணத்தின் மற்றோர் உருவம். இங்கிலாந்தில் பாத்திரத்துக்கும் நாணயத்துக்கும் நெடுங்காலம் ஒரே மாற்று விதிக்கப்பட்டிருந்தது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியதில் பெரும்பகுதி செம்பும் கொண்ட அக்கலவைக்கு ஸ்டெர்லிங் என்று பெயர். கையிலுள்ள உபரிச் செல்வத்தைத் தட்டமாகவும் கூஜாவாகவும் செய்து வைத்துக்கொண்டு, நெருக்கடி வந்தபோது செய்கூலியை மட்டும் இழந்து உருக்கிக்கொள்வது எவரும் வியக்காத வழக்கமாக இருந்தது. உள்நாட்டுப் போரின்போது 1643இல் ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரிகளின் வெள்ளியைச் சார்லஸ் 1 தம் படைச்செலவுக்காகக் கேட்டுப் பெற்று நாணயமாக அடித்தார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் பழம் பாத்திரங்கள் தப்பியது விதிவிலக்கு. பிரான்சின் நிலை இன்னும் மோசம்: வெர்சாய் அரண்மனையில் மேசை, விளக்குத்தண்டு, செடித்தொட்டி என்று வெள்ளியாலேயே செய்திருந்த சாமான்கள் அனைத்தையும் 1689இல் லூயி 14 போருக்காக உருக்கச் செய்தார். அத்தகைய வெள்ளி மேசையும் கண்ணாடிச் சட்டமும் எவ்வாறு இருந்தன என்பதை இன்று கென்ட் மாவட்டத்து நோல் மாளிகையிலும் வின்சர் கோட்டையிலும் எஞ்சியுள்ள சில சாமான்களைக் கொண்டு அறிய முடிகிறது. போர் இல்லாத காலத்திலும் உலை அணையவில்லை. பாட்டன் காலத்துத் தட்டம் வழக்கொழிந்ததாகத் தோன்றினால் பேரன் அதைத் தட்டாரிடம் கொடுத்துப் புதுப்பாணியில் மாற்றிக்கொண்டான். ஆகவே இன்று கண்ணாடிப் பேழையில் காணும் பழைய வெள்ளி ஒவ்வொன்றும் பல தலைமுறை உரிமையாளர்கள் உருக்க வாய்ப்பிருந்தும் உருக்காமல் விட்ட பொருளாகும்.

வெள்ளி பணமாக இருந்ததால்தான் அதன் மாற்றை அரசு கண்காணித்தது. அக்கண்காணிப்பே பிற்காலச் சேகரிப்புக் கலைக்கு அடித்தளம் ஆயிற்று. எட்வர்டு 1 காலத்தில் 1300இல் இயற்றிய சட்டம், சோதித்துத் தேறிய வெள்ளியில் சிறுத்தைத் தலை முத்திரையைக் குத்துமாறு பணித்தது. 1363 முதல் செய்தவர் தம் குறியையும் இட வேண்டியதாயிற்று. 1478இல் தொடங்கிய ஆண்டெழுத்து முறைதான் எல்லாவற்றிலும் பயன் மிக்கது: லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கூடத்தில் சோதனை நடத்தியவர்கள் ஆண்டுக்கு ஓர் எழுத்தாக அகரவரிசையில் குத்தி வந்தனர், வரிசை முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையோ மாற்றி மீண்டும் தொடங்கினர். மாற்றில் தவறு நேர்ந்தால் எந்த அலுவலர் பொறுப்பு என்று கண்டறியவே இது தோன்றியது. ஆனால் நடக்கும் சிங்கத்தின் உருவம் 1544இல் சேர்ந்த பின், இடம், மாற்று, ஆண்டு, செய்தவர் ஆகிய நான்கையும் சில மில்லிமீட்டர் இடத்தில் சொல்லிவிடும் ஓர் ஆவணமாக இம்முத்திரை வரிசை அமைந்துவிட்டது. பழைய நாற்காலிக்கோ சீனக் களிமண் கலத்துக்கோ இவ்வளவு உறுதியான பிறப்புச் சான்று கிடையாது. பின்னர் வந்த மாற்றங்களும் காலத்தைக் கணிக்க உதவுகின்றன. நாணயங்களின் விளிம்பை வெட்டிப் பாத்திரம் செய்வதைத் தடுக்க 1697இல் பாத்திரத்தின் மாற்று ஆயிரத்துக்கு 958 பங்குக்குச் சற்று மேலாக உயர்த்தப்பட்டது. பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் பொறித்த அம்மாற்று 1720 வரை கட்டாயமாக இருந்தது. பர்மிங்ஹாமிலும் ஷெஃபீல்டிலும் 1773இல் சோதனைக் கூடங்கள் நிறுவப்பட்டன. இதற்காக நாடாளுமன்றத்தில் முயன்றவர் பர்மிங்ஹாமின் தொழிலதிபர் மாத்யூ போல்ட்டன். பர்மிங்ஹாமுக்கு நங்கூரமும் ஷெஃபீல்டுக்கு மகுடமும் அடையாளம் ஆயின. 1784 முதல் 1890 வரை, வரி செலுத்தியதற்குச் சான்றாக அரசரின் தலையுருவமும் குத்தப்பட்டது.

சான்று உள்ள இடத்தில் போலிச் சான்றும் தோன்றும். 1720இல் அவுன்சுக்கு ஆறு பென்னி வரி விதித்தபோது, சிறு தட்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பி முத்திரை பெற்று, அத்துண்டை வெட்டி, சோதனைக்கே போகாத பெரிய கூஜாவின் அடிப்பகுதியில் பற்றவைத்துவிடும் உபாயத்தைப் பெயர் பெற்ற தட்டார்கள் சிலரும் கையாண்டனர். இவ்வகைப் பொருள்களில் சேகரிப்பாளர்களுக்குத் தனி விருப்பம் உண்டு. ஏனெனில் வரியை ஏய்த்தவர் அப்பொருளைச் செய்த தட்டாரே, பொருளும் அக்காலத்ததே. 19ஆம் நூற்றாண்டின் வேலை வேறு. பழைய பீர்க் குவளைக்கு மூக்கு வைத்துக் கூஜாவாக்குவது, அலங்காரமற்ற பெரிய கரண்டியின் குழியில் பழங்களைப் புடைப்பாக அடித்துப் பழக்கரண்டி என்று விற்பது, கரண்டியின் குழியை வெட்டி அதிக விலைபோகும் முள்கரண்டியாக்குவது ஆகியவை பழம்பொருளையே சிதைத்தன. இவற்றைக் கண்டறிய முத்திரையைவிட எளிய துணை ஒன்று உண்டு. பெரிய பாத்திரங்களின் அடியில் அவற்றின் எடையை ட்ராய் அவுன்சிலும் அதன் இருபதில் ஒரு பங்காகிய பென்னிவெயிட்டிலும் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். ஒரு ட்ராய் அவுன்ஸ் ஏறத்தாழ 31.1 கிராம். மெருகேற்றித் தேய்ந்த பாத்திரம் இன்று அவ்வெடையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பின்னாளில் ஏதோ ஒட்டப்பட்டிருக்கிறது. மிகவும் குறைந்திருந்தால் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது அல்லது பழைய குலச்சின்னம் சுரண்டப்பட்டிருக்கிறது. தராசு ஒன்றே போதுமான இச்சோதனையைப் புதிதாக வாங்குவோர் பலரும் செய்வதில்லை என்பது வியப்புக்குரியது.

இனி வைப்பிடங்களைப் பார்க்கலாம். இடைக்கால ஐரோப்பாவில் வெள்ளியைக் காக்கும் சாமானும் காட்டும் சாமானும் தனித்தனியே இருந்தன. இரும்புப் பட்டை அடித்த பெட்டகத்தில் அது உறங்கியது. விருந்து நாளில் படிகளாக அமைந்த திறந்த அடுக்குமேசையில் ஏறியது. பர்கண்டி அரசவையில் அப்படிகளின் எண்ணிக்கை உரிமையாளரின் பதவிக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டிருந்தது. நம் வீடுகளின் நவராத்திரிக் கொலுப்படிகளைப் போன்ற அவ்வடுக்கில் ஏறிய பாத்திரங்களில் பல விருந்தில் பயன்படவே இல்லை. வந்தவர்கள் காண வேண்டும் என்பதே நோக்கம்.

இந்நிலையை மாற்றியது முள்கரண்டி. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அது நகைப்புக்குரிய இத்தாலிய வழக்கமாகவே கருதப்பட்டது. லண்டன் முத்திரையுடன் எஞ்சியுள்ள மிகப் பழைய மேசை முள்கரண்டிகளுள் ஒன்று, 1632ஆம் ஆண்டெழுத்தைத் தாங்கிய இரு முனைக் கரண்டி, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதுவரை விருந்தினர் தம் கத்தியைத் தாமே உறையில் கொண்டு வந்தனர். 1660க்குப் பின், விருந்தளிப்பவரே அனைவருக்கும் ஒரே மாதிரியான கத்தியும் முள்கரண்டியும் கரண்டியும் வழங்க வேண்டும் என்ற பிரெஞ்சு நாகரிகம் படிப்படியாக வேரூன்றியது. பன்னிரண்டு பன்னிரண்டாகச் செய்த தொகுதிகள் தோன்றியதும், திருட எளிதானதும் எண்ணிச் சரிபார்க்க வேண்டியதுமான சிறு வெள்ளிப் பொருள்கள் ஒரு வீட்டில் நூற்றுக்கணக்கில் குவிந்தன. கத்திப்பெட்டி என்னும் அருமையான மரவேலை பிறந்தது இத்தேவையால்தான்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கத்திப்பெட்டிகள் பெரும்பாலும் பின்புறம் உயர்ந்து முன்புறம் சரிந்த மூடியுடன், மீன்தோல் போர்த்தியோ மகோகனிப் பலகையாலோ செய்யப்பட்டன. முன்பக்கம் நேராக இராமல் அலைபோல வளைந்திருப்பது நல்ல பெட்டியின் இலக்கணம். அவ்வளைவுக்கு மெல்லிய மேற்பலகை ஒட்டுவது கடினமான வேலை. மூடியைத் திறந்தால் சாய்வான பலகையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பச்சை அல்லது சிவப்பு வெல்வெட் போர்த்தி, ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் வெள்ளிச் சரிகை ஒட்டியிருப்பார்கள். கத்திகள் அலகு கீழாகவும் கைப்பிடி மேலாகவும், கரண்டிகள் குழிப்பகுதி மேலாகவும் நிற்கும். ஒரு துளை காலியாக இருந்தாலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும் என்பதால், இப்பெட்டி அலங்காரப் பொருளாக இருந்ததோடு ஒரு கணக்குப் புத்தகமாகவும் பயன்பட்டது.

1780களில் இப்பெட்டி தாழியின் வடிவம் பெற்றது. பண்டைய ரோமக் கலங்களைப் பின்பற்றிய புதுச்செவ்வியல் பாணி ஓங்கியிருந்த காலம் அது. 1788இல் வெளிவந்த, மரச்சாமான் வடிவமைப்பாளர் ஹெப்பிள்வைட்டின் மாதிரி நூல் இத்தகைய தாழிகளைக் காட்டுகிறது. மரத்தைக் குடைந்து இதைச் செய்ய முடியாது, காலப்போக்கில் வெடித்துவிடும். எனவே மிடாத் தச்சர் செய்வதுபோல் மேலும் கீழும் குறுகிய சிறு மரச்சிம்புகளை வட்டமாக ஒட்டி, மேலே மெல்லிய அழகு மரத்தகட்டைப் போர்த்தி, இணைப்புகளை வெளிறிய மரக்கோடுகளால் மறைத்தனர். மூடி கீலில் திறப்பதில்லை. நடுவிலுள்ள ஒரு தண்டின்மீது நேராக உயர்ந்து, வில்விசையால் மேலேயே நிற்கும். அடியில் வட்ட வட்டமாக ஏறும் அடுக்குகளில் கரண்டிகள் செருகப்பட்டிருக்கும். அத்துறையின் மற்றொரு வடிவமைப்பாளரான ஷெராட்டன் தம் மாதிரி நூலில், இவை சாதாரணத் தச்சுக் கூடங்களில் செய்யப்படுவதில்லை என்று கூறி, இதையே தொழிலாகக் கொண்ட ஒரு லண்டன் கைவினைஞரைப் பரிந்துரைக்கும் அளவுக்கு இது தனிக்கலையாக இருந்தது. மரவேலையின் நுட்பத்தில் அக்காலத்து நாற்காலிகளோ மேசைகளோ இதற்கு ஈடாகா என்று சொன்னால் மிகையாகாது.

இத்தாழிகள் இணையாக நின்ற இடம் சைட்போர்டு எனப்படும் பரிமாறு மேசை. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் 1760களில் வடிவமைத்த உணவறைகளில் இதற்கெனச் சுவரில் மாடமே ஒதுக்கப்பட்டது. நடுவில் மேசையும் இருபுறமும் தனித்தனிப் பீடங்களும், பீடங்களின்மேல் உட்புறம் ஈயத்தகடு பதித்த தாழிகளும் நின்றன. ஒரு பீடத்துக்குள் தட்டுகளைச் சூடாக வைக்கும் அடுக்கும், தாழியில் கழுவுநீரும் இருந்தன. விருந்தின் நடுவிலேயே கழுவித் துடைத்து மீண்டும் பரிமாறும் அளவுக்கே பல வீடுகளில் வெள்ளி இருந்தது என்பதை இவ்வமைப்பு காட்டிக்கொடுக்கிறது. 1780களுக்குப் பின் இவையெல்லாம் சுருங்கி, ஆழமான இழுப்பறைகள் கொண்ட ஒரே சாமானாயின. பச்சைக் கம்பளி ஒட்டிய அவ்விழுப்பறைகளே கரண்டிகளை ஏற்றுக்கொண்டதும், 1820களுக்குள் கத்திப்பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

தேயிலைப் பேழையின் வரலாறு இதற்கு இணையானது. இரண்டு வெள்ளிச் சம்புடங்களும் ஒரு சர்க்கரைக் கிண்ணமும் அடங்கும் பூட்டுப் பேழை, வேலையாட்கள் கையில் தேயிலை சிக்காமலிருக்க வீட்டுத் தலைவியின் பொறுப்பில் இருந்தது. பிரிட்டன் அரசு 1784இல் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்த பின் அப்பூட்டுக்கு இருந்த காரணம் மெல்லத் தளர்ந்தது. ஆயினும் பேழைகள் பழக்கத்தின் வலிமையால் இன்னும் பல பத்தாண்டுகள் பூட்டுடனேயே வந்தன. பெரிய பாத்திரங்களோ உணவறையிலேயே இருப்பதில்லை. அவை தலைமைப் பணியாளராகிய பட்லரின் அறையை ஒட்டிய காப்பறையில், உட்புறம் கம்பளி ஒட்டிய கருவாலிப் பெட்டகங்களில் இருந்தன. பட்லரோ அவருக்குக் கீழுள்ளவரோ அதன் வாயிலருகே படுத்துறங்குவதும் உண்டு.

வெள்ளியை ஒத்திருந்தும் வெள்ளியல்லாத இரு வகைகளைச் சேகரிப்பாளர் அறிந்திருப்பது நலம். ஷெஃபீல்டுக் கத்தித் தொழிலாளி தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில் செம்புக் கட்டியின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டால் இணைத்து ஒன்றாகவே தகடடிக்க முடியும் என்று கண்டார். நடுத்தர வர்க்கத்தாரின் மேசைக்கு வெள்ளியின் தோற்றம் எட்டியது இதனால்தான். 1840இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் அத்தொழில் விரைவில் மறைந்தது. தேய்ந்த விளிம்பில் செம்பு சிவந்து தெரியும் பழைய ஷெஃபீல்டுத் தகட்டுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. அதன்மேல் யாராவது அக்கறையுடன் மின்முலாம் பூசியிருந்தால் அம்மதிப்பு போய்விடுகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பழைய வைப்பிடங்கள் திருடனைத் தடுத்த அளவுக்கு வேதியியலைத் தடுக்கவில்லை. வெள்ளி கருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனால் அன்று. நுண்ணிய அளவிலுள்ள கந்தகச் சேர்மங்களால். முட்டை பட்ட கரண்டி கருப்பதும், அதனால் முட்டைக்கரண்டியின் குழிக்குப் பொன்முலாம் பூசியதும் இதன் விளைவே. ஆட்டு ரோமப் புரதத்தில் கந்தகம் உண்டு. ஆகவே கீறல் விழாமலிருக்கப் பெட்டகங்களிலும் இழுப்பறைகளிலும் ஒட்டிய அப்பச்சைக் கம்பளியே ஈரமும் வெப்பமும் கூடும்போது வெள்ளியைக் கருக்கச் செய்தது. பட்லரின் உதவியாட்கள் இரும்பு ஆக்சைடுப் பொடியைக் கொண்டு விரல் தேயத் தேய்த்ததில் ஒரு பகுதி, தாம் காத்த பெட்டகமே வருவித்த வேலை. ஒவ்வொரு மெருகும் வெள்ளியின் ஓர் இழையை எடுத்துச் செல்வதால் முத்திரைகளும் செதுக்கு வேலையும் மங்கின. உப்புக் கிண்ணங்களுக்கு வேறு பகை: உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியில் குழி அரிக்கும் என்பதால் நீலக் கண்ணாடி உட்கிண்ணம் வைத்தனர். இன்றைய அருங்காட்சியகங்கள் கம்பளியை விலக்கி, சலவைக்காரம் சேராத பருத்தியையும் அமிலமற்ற தாளையும், கந்தகத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் வெள்ளித்துகள் கலந்த துணியையும் பயன்படுத்துகின்றன. ரப்பர் வளையம் சுற்றிய கரண்டிக் கட்டில் கருங்கோடு விழுந்துவிடும். கத்திகளின் கைப்பிடிக்குள் குங்கிலியம் போன்ற பிசின் நிரப்பியிருப்பதால் வெந்நீரில் ஊறவைத்தால் கைப்பிடி கழன்றுவிடும்.

பழமைக்காகவே வெள்ளியைத் தேடும் சேகரிப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாயிற்று. ஆண்டெழுத்துகளின் அட்டவணையை ஆக்டேவியஸ் மார்கன் 1853இல் வெளியிட்ட பின்னரே, பாத்திரத்தின் காலத்தை எவரும் உறுதியாகக் கணிக்க முடிந்தது. சாஃபர்ஸ், கிரிப்ஸ் ஆகியோர் அதை வளர்த்தனர். சார்லஸ் ஜாக்சனின் பெருநூல் 1905இல் வந்தது. அறிவு பெருகியதால் விலை பெருகியது. கூடவே பெயர் மோகமும் பெருகியது. பிரான்சை விட்டு வெளியேறிய பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு மரபில் வந்த தட்டார் பால் டி லாமெரியின் புகழ் அவர் வேலைக்குத் தகும். 1761இல் தம் குறியைப் பதிந்த கைம்பெண் ஹெஸ்டர் பேட்மனின் பட்டறை வெளியிட்ட நேர்த்தியான, ஆனால் எளிய கரண்டிகளுக்கு 20ஆம் நூற்றாண்டில் கொடுத்த விலை, பொருளுக்கா பெயருக்கா என்று ஐயுறத்தக்கது. குறி என்பது சோதனைக்கு அனுப்பியவரின் பொறுப்பைக் காட்டுவதே அன்றி, சுத்தியலைப் பிடித்த கையைக் காட்டுவதன்று. 1980 சனவரியில் வெள்ளி அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலரைத் தொட்டபோது முத்திரை பெற்ற எண்ணற்ற பழம்பொருள்கள் மீண்டும் உலைக்குப் போயின. பெயர் பெற்ற தட்டாரின் பாத்திரங்கள் பிழைத்தன. ஒரே தொகுதியாக இருந்த சாதாரணக் கரண்டிகள் பிழைக்கவில்லை.

வைப்பிடங்களுக்கு நேர்ந்த கதி வேறு வகையானது. வெள்ளி விற்கப்பட்ட பின் வெறுமையான கத்திப்பெட்டிகளின் உட்பலகையைப் பெயர்த்தெறிந்துவிட்டுக் கடிதத்தாள் வைக்கும் தட்டிகளைப் பொருத்துவது விக்டோரியா காலத்தில் பரவலான வழக்கமாயிற்று. துளைப்பலகை அப்படியே உள்ள பெட்டி இன்று அரிது. அதனினும் அரிது, தன் கரண்டிகளுடனேயே உள்ள பெட்டி. துளைகளின் அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு ஒரு வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை வகைக் கரண்டிகள் இருந்தன என்று மீட்டறிய முடியும் என்பதால், உள்ளே எதுவுமில்லாத முழுமையான பெட்டி, பெட்டியில்லாத கரண்டித் தொகுதியைவிட ஆய்வாளருக்கு அதிகம் சொல்லும். சந்தை இதற்கு நேர்மாறாக மதிப்பிடுகிறது. 2000க்குப் பின் பழைய பழுப்பு மரச்சாமான்களின் விலை பெரிதும் சரிந்துவிட்ட நிலையில், வசதி குறைந்த சேகரிப்பாளருக்கு இதுவே நல்ல வாய்ப்பு.

இத்துறைக்கும் சோழமண்டலக் கரைக்கும் உண்மையான தொடர்பு உண்டு. விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் 18ஆம் நூற்றாண்டில் தந்தத்தகடு போர்த்திக் கருங்கோடுகளால் சித்திரம் தீட்டிய தேயிலைப் பேழைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் செய்து கொடுத்தனர். சென்னை மவுண்ட் ரோட்டில் கடை நடத்திய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம், தேநீர்க் கூஜா, பால்குவளை போன்ற ஆங்கிலேய வடிவங்களின் உடல் முழுவதும் தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்த பாத்திரங்களை விற்றது. சேகரிப்பாளர் வழக்கில் இவ்வகைக்குச் சுவாமி வெள்ளி என்றே பெயர். வேல்ஸ் இளவரசர் 1875இல் இந்தியா வந்தபோது பெற்ற பரிசுகள் பின்னர் இங்கிலாந்திலும் 1878இல் பாரிஸ் கண்காட்சியிலும் காட்சிக்கு வந்தபோது இத்தகைய இந்திய வேலைப்பாடு மேல்நாட்டாரை ஈர்த்தது. வடிவப் பொருத்தம் என்ற அளவுகோலில் இவற்றில் பல தோற்றுவிடும்; கூஜாவின் மூக்குக்கும் அதன்கீழ் நெருங்கி நிற்கும் தெய்வங்களுக்கும் ஒட்டுறவு இல்லை. ஆனால் உளிவேலையின் கூர்மை மறுக்க முடியாதது. காலனிய இந்தியாவில் கட்டாய முத்திரை முறை இல்லாததால், இவற்றில் கடையின் பெயர்க்குறிக்கு மேல் சான்று கிடைப்பதில்லை. அடித்த தட்டாரின் பெயர் எங்கும் இல்லை. இங்குதான் வைப்பிடத்தின் பயன் மிகுகிறது: பாத்திரத்தின் அளவுக்கே குடைந்து வெல்வெட் ஒட்டிய பெட்டியும், அதன் மூடியின் உட்புறப் பட்டில் அச்சிட்ட கடை முகவரியும் சேர்ந்து கிடைத்தால், கடை முகவரி மாறிய ஆண்டுகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம்.

இந்தியச் சேகரிப்பாளர் கவனிக்க வேண்டிய சட்டங்கள் இரண்டு. நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விசாகப்பட்டினப் பேழையின் தந்தத்தகடு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை உள்நாட்டிலும் விற்க முடியாது. பிரிட்டனில் 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டமும் சில விலக்குகளுடன் அவ்வணிகத்தைத் தடுத்துவிட்டது. இதனால், ஒரே வீட்டிலிருந்து வந்த பேழையும் அதனுள்ளிருந்த வெள்ளிச் சம்புடங்களும் ஏலத்துக்கு வரும்போது சம்புடங்கள் மட்டும் விலைபோய், பேழை உரிமையாளரிடமே தங்கிவிடும் நிலை இப்போது சட்டத்தாலும் உண்டாகியிருக்கிறது. அருங்காட்சியகங்களுக்கு இத்தகைய பொருள்களை ஏற்க விலக்கு உள்ள நாடுகளில், இரண்டையும் ஒன்றாகவே கொடையாக அளிக்கும் வழி மட்டும் திறந்திருக்கிறது.